கரட்டு வளைவு

ஜூன் 11, செவ்வாய்

தயிர் வாங்கப் போன வீட்டுக்காரரைச் சாயந்திரம்தான் கண்டுபிடித்தேன். புதுச்சத்திரம் கடைவீதி முழுக்கத் தேடியாச்சு. கடைசியில் மில்லுக்குப் பின்னால், மக்காச்சோளம் காயப்போடும் ஒரு பழைய தார் ரோட்டில் நின்றுகொண்டிருந்தார். "இங்க என்னங்க பண்றீங்க?" என்றேன்.

"சோளத்த ஓரங்கட்டச் சொல்லு உஷா. வண்டி எப்படிப் போகும்?"

சோளம் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் என் பேரைத் தேடித் தேடிப் பிடிக்கிற மனுஷன் இவர். அங்கே பேசியது, சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் காலமெல்லாம் பஸ் ஓட்டிய பழைய சுவாமிநாதன். அந்தக் குரலைக் கேட்டே வருஷமாகிறது.

ஜூன் 13

சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து மகன் ஆனந்தகுமார் பேசினான். வாசல் கதவுக்குப் பூட்டுப் போடச் சொல்கிறான். "உன்னால தனியா முடியாதும்மா. நல்ல ஹோம் ஒண்ணு இருக்குது, அப்பாவச் சேத்திரலாம்."

யோசிக்கிறேன் என்றேன். யோசிக்கவில்லை.

ஜூன் 18

மறுபடியும் போய்விட்டார். இந்தத் தடவை ஒரு தென்னந்தோப்புக்குள். வேலிக்கு உள்ளே பழைய ரோடு ஒரு துண்டு கிடக்கிறது, பக்கத்தில் எழுத்தழிந்த மைல்கல். தோப்புக்காரர் சொல்லித்தான் புரிந்தது: நாலு வழிச்சாலை போட்டபோது நேராக வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வளைந்து போன பழைய ரோடெல்லாம் இரண்டு பக்கமும் துண்டு துண்டாகக் கிடக்கிறது.

இத்தனை நாள் இதே ஊரில் இருக்கிறேன், கண்ணில் பட்டதே இல்லை. அவர் இப்போது இருக்கிற ரோட்டில் நடக்கவே இல்லை. அவருக்குள் இருக்கிற ரோட்டில் நடக்கிறார்.

அவரைத் தேட வேண்டுமானால் நானும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜூன் 23, ஞாயிறு

பக்கத்து வீட்டு குஞ்சம்மாளை அவருக்குத் துணை வைத்துவிட்டு, ஸ்கூட்டியில் கிளம்பினேன். வழி கேட்கத் தேவையில்லை. வயலுக்கு நடுவில் சம்பந்தமில்லாமல் புளியமரங்கள் இரண்டு வரிசையாக நின்றால், நடுவில் ரோடு இருந்திருக்கிறது என்று அர்த்தம். அடிமரத்தில் பூசிய வெள்ளை கூட இன்னும் போகவில்லை.

ஒரு துண்டு நேராக ஏரிக்குள் இறங்குகிறது. கரையில் நின்று பார்த்தேன். தண்ணீருக்கு அடியில் நடுக்கோடு தெரிந்தது, கொஞ்ச தூரம். அப்புறம் இருட்டு.

அடுத்தது ஒரு பாறைக் கரடு, சின்னக் குன்று மாதிரி. பழைய ரோடு அதைச் சுற்றிக்கொண்டு வளைகிறது. வளைவில் திரும்பின உடனே பெரிய ரோட்டுச் சத்தம் நின்றுபோனது. கதவைச் சாத்தின மாதிரி. லாரி, ஹாரன், ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் ரோட்டை மூடிக்கொண்டு வருகிறது. முள்ளுக்குப் பயந்து வண்டியை நிறுத்திவிட்டு நடந்தேன்.

உள்ளே போனால் ரோடு சுத்தமாக இருக்கிறது.

ஒரு இலை கிடையாது. விளக்குமாறு இழுத்த கோடுகள் புழுதியில் புதிதாகத் தெரிகின்றன. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் உட்காரும் கல்பலகை கழுவி ஈரமாக இருந்தது. ஆள் யாரும் இல்லை. திரும்பி வேகமாக வந்துவிட்டேன்.

ஜூன் 24

யாருமே போகாத ரோட்டை யார் பெருக்குவது?

ஜூலை 2

விடிந்து பார்த்தால் படுக்கையில் இல்லை. நேராகக் கரட்டுக்குப் போனேன். ஏனோ நிச்சயமாகத் தெரிந்தது.

கல்பலகையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் விளக்குமாறோடு ஒரு பெண். என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருக்கலாம். இருவரும் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வந்தது இருவருக்கும் தெரியவில்லை.

"புள்ள இன்னும் வரலீங்களா?" என்று கேட்டார்.

"வந்துருவா சாமி. தலை பின்னிட்டு இருக்கறா."

"வரட்டும், வரட்டும். ரெண்டு நிமிசம் சேத்தி நிறுத்தி வெக்கறேன்."

"சரிங்க."

அவர் கையைப் பிடித்ததும் எழுந்து வந்துவிட்டார். அந்தப் பெண்ணிடம் மரியாதைக்காகக் கேட்டேன், "உங்க மகளா? எங்கீங்க வேலைக்குப் போறா?"

"மில்லுக்குப் போயிட்டிருந்தாளுங்க" என்றாள்.

பாதி வழி வந்த பிறகுதான் அந்த 'போயிட்டிருந்தா' காதில் விழுந்தது.

ஜூலை 3

குஞ்சம்மாளிடம் கேட்டேன். அந்த அம்மாள் பேர் கந்தம்மாள். மகள் சத்யபிரியா.

அந்தப் பேர் எனக்குத் தெரியும். கேஸ் நடந்தபோது கேட்ட பேர். பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்த பெண். கண்டக்டர் விசில் கொடுத்தார், இவர் வண்டியை எடுத்தார், அவள் கம்பியைப் பிடித்தாள், கை நழுவிவிட்டது. பின்சக்கரம். இவர் மேல் தப்பில்லை என்று தீர்ப்பாகி, மறுபடியும் அதே வண்டி, அதே ரோடு. எந்த இடம் என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

அதற்கப்புறமும் அந்த வளைவைத் தாண்டித்தானே தினமும் ஓட்டியிருப்பார்? போகையில் ஒரு தரம், வருகையில் ஒரு தரம். வீட்டுக்கு வந்து சோறு தின்றுவிட்டுப் பேப்பர் படிப்பார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை — கிடையாது. மனுஷன் எங்கேதான் வெச்சிருந்தார் அதை?

அந்த அம்மாளுக்கு இவர் யார் என்று தெரியுமா?

ஜூலை 5

தனியாகப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான். வளைவுக்கு மேலே ஒற்றை ஓட்டு வீடு. கந்தம்மாள் என்னை உட்காரச் சொன்னாள்.

"தெரியுங்க. மொத நாளே மூஞ்சியப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன். கல்லெடுத்து அடிக்கத்தான் கீழ எறங்கி வந்தேனுங்க." தரையில் கிடந்த ஒரு இலையை எடுத்து வெளியே போட்டாள். "வந்தா, புள்ள வரலீங்களான்னு கேக்கறாரு. அவ போனதுலருந்து எம்புள்ள வரலையான்னு ஒருத்தரும் எங்கிட்டக் கேட்டதில்லீங்க. எல்லாருக்கும் அவ செத்துப்போனவ. இந்த மனுசனுக்கு மட்டுந்தான் இன்னும் வரல."

இனிமேல் அவரை இந்தப் பக்கம் விடமாட்டேன், பூட்டி வைத்துவிடுகிறேன் என்றேன்.

"அப்படிச் சொல்லாதீங்க. கூட்டிட்டு வாங்க."

எழுந்தபோது உள்ளே பார்த்தேன். ஆணியில் இஸ்திரி போட்ட தாவணி. சன்னலில் சீப்பும் ரிப்பனும். அடுப்புத் திட்டில் மூடி போட்ட டிபன் பாக்ஸ், தொட்டால் சுடும்போல ஆவி கசிந்துகொண்டிருந்தது. ஒருத்தி வேலைக்குக் கிளம்பும் வீடு.

எனக்குப் பயமாக இருக்கிறது. பேயென்று இல்லை. இரண்டு பேரும் இவ்வளவு நிச்சயமாகக் காத்திருந்தால் ஏதாவது வந்துவிடும் என்று.

ஜூலை 6

பூட்டு வாங்கிவிட்டேன்.

ஜூலை 14, ஞாயிறு

வெளியே விடவில்லை. விடிந்ததும் கதவுக்குப் போய் நின்றுகொள்கிறார். சாப்பாடு இறங்கவில்லை. "புள்ளைக்கு நேரமாச்சு, புள்ளைக்கு நேரமாச்சு" — இதே பேச்சு. இன்றைக்குக் கதவில் நெற்றியை மோதிக்கொண்டு ரத்தம். துடைத்துவிடும்போது என் முகத்தைப் பார்த்து, "நீங்களாச்சும் சொல்லுங்கம்மா, கதவத் தெறக்கச் சொல்லி" என்று அழுகிறார்.

ஆனந்த் வந்து பார்த்தான். அடுத்த மாசம் ஹோமுக்குக் கொண்டுபோவதாக முடிவு.

நான் என்ன பண்ணட்டும். சொல்ல யார் இருக்கா.

ஜூலை 16

திறந்துவிட்டேன். நானே ஸ்கூட்டியில் கூட்டிப்போனேன்.

ஜூலை 27

தினமும் காலையில் போகிறோம். கந்தம்மாள் பெருக்கி முடித்திருப்பாள். மூன்று பேரும் உட்கார்ந்திருப்போம். வெயில் ஏறினதும், "இன்னைக்கு லீவு போல" என்று அவள் சொல்வாள். இவர் சரி என்று எழுந்து வருவார். மதியம் நன்றாகச் சாப்பிடுகிறார்.

இன்றைக்கு ஒன்று நடந்தது. பலகையில் பக்கத்தில் வைத்திருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். ஏன் என்று பிறகுதான் யோசித்தேன். நாங்கள் மூன்று பேர்தான். இடம் நிறைய இருந்தது.

யாருக்கு இடம் விட்டேன்?

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

வீட்டு வேலை அப்படியே கிடக்கிறது. இருந்தாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

காற்றே இல்லை. கருவேலத்தில் ஒரு இலை ஆடவில்லை. இவர் திடீரென்று எழுந்தார். வளைவைப் பார்த்தார். அந்த மாதிரி அவர் முகம் மலர்ந்து நான் பார்த்து எத்தனை காலமாச்சு.

"ஓடி வராத கண்ணு" என்றார். "மெதுவா வா. வண்டி நிக்குது."

நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பக்கம் பார்த்தோம். வெறும் ரோடு. பெருக்கின கோடுகள். நான் பார்த்தது அவ்வளவுதான், சத்தியமாக அவ்வளவுதான். ஆனால் அவர் கண் நகர்ந்தது. தூரத்திலிருந்து கிட்ட, கிட்டேயிருந்து எங்களைத் தாண்டி, ஒரு ஆள் நடக்கிற வேகத்தில் நகர்ந்தது. கந்தம்மாள் அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் எங்கே வருகிறாள் என்று அதில்தான் தெரியும் என்பதுபோல.

அவர் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டார். காத்திருந்தார். பிறகு தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்து, "ஏறிட்டா" என்றார்.

கந்தம்மாள் அழவில்லை. முந்தானையைச் சரிபண்ணிக்கொண்டு கேட்டாள், "எந்தப் பக்கமுங்க உக்காந்தா?"

"முன்னால. சன்னலோரம்."

"அங்கதான் புடிக்கும் அவளுக்கு."

நான் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். வளைவு தாண்டும் வரை அந்த அம்மாள் கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டே நின்றாள். எங்களுக்கு இல்லை.

ஆகஸ்ட் 12

அவர் எங்கும் போவதில்லை. கதவு திறந்தே கிடக்கிறது, பூட்டைத் தேடினால் எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. நன்றாகத் தூங்குகிறார். பேச்சுத்தான் குறைந்துவிட்டது. ஆனந்திடம், ஹோமெல்லாம் இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

கரட்டுக்குப் போய்வந்தேன், தனியாக. வீடு பூட்டியிருந்தது. ரோட்டில் புளிய இலை கணுக்கால் வரை சேர்ந்திருக்கிறது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டேன்.

"கந்தம்மாக்காளா? தம்பி ஊட்டுக்கு, மல்லசமுத்திரத்துக்குப் போயிட்டாங்க. எத்தன வருசமாக் கூப்பிட்டாரு அவரு. இந்த எடத்த உட்டு நகர மாட்டேன்னாங்க. இப்ப அவுங்களே போன் பண்ணி வாரேன்னு சொன்னாங்களாமா. அவரு கார் எடுத்துட்டு வாரேன்னதுக்கு வேண்டாம்னுட்டு, பெரிய ரோட்டுக்கு நடந்து போயி பஸ் ஏறுனாங்க." ஆட்டை விரட்டிவிட்டுச் சேர்த்துச் சொன்னாள், "அந்தக்கா பஸ் ஏறி நான் பாத்ததே இல்லீங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட நடைதான்."

கொஞ்ச நேரம் கல்பலகையில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

வீட்டில் அவர் விழித்திருந்தார். கஞ்சி கொண்டுபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்ததும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் பேரைத் தேடுகிறார் என்று நினைத்தேன். இல்லை, தேடவே இல்லை.

"நீங்க எங்கம்மா எறங்கோணும்?" என்று கேட்டார்.

"கடைசி வரைக்கும் வாரேனுங்க" என்றேன்.

"அப்ப நல்லாச் சாஞ்சு உக்காருங்க" என்றார்.