உன் பதிந்த காரும் அம்மாவின் முழங்காலும்

என் உயிர் மச்சான் ஜெறோம்,

உன் காரை நான் வாங்கவில்லை. சுற்றிவளைத்தால் உனக்குப் பிடிக்காது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன அடுத்த மாதம், உன் மனைவி மெற்றில்டா காரின் திறப்பைக் கையில் பிடித்தபடி சுருவிலில் எங்கள் வீட்டுக்கு வந்தார். "யாழ்ப்பாணப் பெடியள் கேக்கினம். றேஸ் ஓடிச் சாகக் குடுக்க மனமில்லை. நீ எடு கோபி."

எனக்கு ஆசை இல்லாமலா? பழைய இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி, நிலத்தோடு ஒட்டப் பதித்து, பெரிய சைலன்சரும் பந்தய இருக்கையும் பூட்டினாய். கிடங்கும் பள்ளமுமான தீவுத் தெருவுக்கு இதைவிட மடத்தனமான கார் உண்டா?

அந்த மடத்தனத்தில்தான் என் அம்மா உயிரோடு இருந்தார். நான் ஊரோடு வருமுன் வவுனியாவில் வேலை பார்த்த காலமெல்லாம், இரத்தச் சுத்திகரிப்புக்கு ஒவ்வொரு கிழமையும் யாழ்ப்பாணம் ஏற்றிப்போனவன் நீ.

"இது காரோ, கிணறோ?" என்பார் அம்மா.

"இறங்கேக்கை கப்பி போட்டு இழுக்கிறன், இருங்கோ அம்மா."

பல வருடம் தடைபட்டிருந்த வாகன இறக்குமதி திறந்ததும் கனடாச் சித்தப்பா தொலைபேசியில் வந்தார். "புதுசா எடு. சனம் பாக்கோணும்." கோயில் மண்டபத்துக்கு மாபிள் அனுப்பியவர் அவர். தீவில் ஒரு நோயாளி எதில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போகிறார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவர் புதுசு என்று சொன்ன வீம்புக்காகவே உன் காரை எடுக்க முடிவு செய்தேன்.

அம்மாவை அதில் ஒருதடவை கூட்டிப்போனேன். திரும்பியபோது மடங்கிய முழங்கால் நிமிரவில்லை. நானும் கூட வந்த மெற்றில்டாவும் சேர்ந்து தூக்கினோம். நீ தனியாக எப்படித் தூக்கினாய்?

"பழகின கார். இதையே எடு மகன்," என்றார் அம்மா, பல்லைக் கடித்தபடி.

மெற்றில்டாதான் வெட்டிச் சொன்னார். "பொய் சொல்லாதேங்கோ அம்மா, உங்களுக்கு ஏலாது. இதை வித்துப்போட்டு உயரமான கார் எடுக்கத்தான் அவரும் ஆள் தேடினவர்."

என்னிடம் ஏன் சொல்லவில்லை மச்சான்? நன்றி சொல்லியே உன்னைக் கொல்லுவேன் என்று பயந்தாயா?

நாலு கதவுள்ள புதிய காரை எடுத்தேன். சத்தமே இல்லை, உனக்குப் பிடித்திராது. அம்மா வீட்டுக் கதிரையில் சாய்ந்து இருப்பதுபோல ஏறி இருக்கிறார். உன்னுடையதைச் சரவணை ஊரில் கல்யாணக் கார் ஓட்டுபவர் வாங்கினார். மாப்பிள்ளைகள் வேட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து ஏறுகிறார்கள்.

எழுவைதீவுப் படகில் நோயாளி வந்தால் ஊர்காவற்றுறை இறங்குதுறையிலிருந்து இன்னும் உன் தொலைபேசி இலக்கத்துக்குத்தான் அழைக்கிறார்கள். மெற்றில்டா அதை எனக்குத் திருப்பிவிட்டிருக்கிறார். போன கிழமை ஒரு கர்ப்பிணிப் பெண் பின்னிருக்கையில் படுத்தபடி வந்தார்.

"தம்பி, ஜெறோமின்ர ஆளோ?" என்று அவருடைய தாய் கேட்டார்.

"ஓம்," என்றேன்.

எந்த நேரம் அழைத்தாலும் எடுப்பேன். தீவுகளுக்கு ஒழுங்கான அம்புலன்ஸ் வரும்வரை சண்டையும் பிடிப்பேன். அதற்குப் பிறகும் அம்மாவை நான்தான் ஏற்றிப்போவேன்.

அம்மா பெற்ற மகன், உன் மச்சான்,
கோபி