கல்லுக்குள் இருந்த தண்ணீர்

இன்று காலை ஆய்வுக்கூடத்தில் கல் அறுக்கும் ரம்பத்தைப் போட்டேன். தண்ணீர் பட்ட கருங்கல்லின் வாடை அறை முழுதும் ஏறியது. நீ இருந்திருந்தால் மூக்கைச் சுளித்துக்கொண்டு போய் ஜன்னலைத் திறந்திருப்பாய். நானே எழுந்துபோய்த் திறந்தேன். பிறகு ரம்பத்தை நிறுத்திவிட்டு உனக்கு இதை எழுத உட்கார்ந்தேன். நீ போய்ச் சில மாதங்கள் ஆகிவிட்டன. எனக்கு இன்னும் எதுவும் பெரிதாகத் தோன்றவில்லை. வேலைக்குப் போகிறேன், வருகிறேன்.

நாம் ஒன்றாகத்தான் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தோம். சூலியா தெருவில் உன் வாப்பாவின் கடைக்கு மேலே, உங்கள் வீட்டில்தான் பாதிப் படிப்பு. நமக்கு இருந்தது ஒரே கேள்வி. சுமத்ராவுக்கு மேற்கே கடல்தரை நிலத்துக்கு அடியில் செருகிக்கொண்டு இறங்குகிறது. இறங்கும்போது தன் தாதுக்களுக்குள் கடல்நீரையும் பிடித்துக்கொண்டு போகிறது. ஆழத்தின் அழுத்தத்திலும் சூட்டிலும் அந்த நீர் பிழிபட்டு வெளியேறி, மேலே இருக்கும் சூடான பாறைக்குள் ஏறுகிறது. நீர் சேர்ந்த பாறை எளிதில் உருகிவிடும். அந்த உருகலோடு பேரியம் போல நீரில் கரைந்து வந்த தனிமங்களும் எரிமலைக்கு வந்து சேரும். நடுக்கடல் எரிமலைகளின் பாறைக்குழம்பில் இவ்வளவு நீர் இருப்பதில்லை. நம் பக்கத்து எரிமலைகள் பயங்கரமாக வெடிப்பதற்கு அந்த நீர்தான் முக்கியக் காரணம்.

ஆழத்திலிருந்து புறப்படும்போது குழம்பில் எவ்வளவு தண்ணீர் இருந்தது? அதைத்தான் தேடினோம். மேலே வந்து ஆறிய கல் அதைச் சொல்லாது. வரும் வழியிலேயே நீர் ஆவியாகிப் போய்விடும். ஒலிவின் என்ற பச்சைத் தாதுவின் படிகம் வளரும்போது உள்ளே சிக்கிக்கொண்ட சிறு குழம்புத் துளிதான் சொல்லும்.

கல் எடுக்கக் கடல் தாண்டிச் சுமத்ராவுக்குக் கிளம்ப இருந்த நேரத்தில் உன் சிறுநீரகங்கள் பழுதாயின. டத்தோ கிராமாட்டில், என் வீட்டுக்குப் பக்கத்திலேயே உனக்கு டயாலிசிஸ். குடிக்கும் தண்ணீரை டாக்டர் குறைத்துவிட்டார். தாகம் எடுத்தால் ஒரு ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொள்வாய்.

“நீ போய்ட்டு வா லா. நான் போன்ல இருக்கேன்” என்றாய்.

மேடானில் இறங்கி, மலைச்சாலையில் போய், நாம் தேர்ந்திருந்த சிறிய எரிமலைக் கூம்பின் மேல் நின்று உன்னை வீடியோவில் கூப்பிட்டேன். நீ டயாலிசிஸ் நாற்காலியில் இருந்தாய். கையில் குழாய்கள். கரிய, கனத்த கல் ஒன்றைத் தூக்கிக் காட்டினேன்.

“அழகா இருக்குல்ல?”

“அழகு எதுக்குடி? பெரிய கல்லு மெதுவா ஆறும். ஆறுறதுக்குள்ள படிகத்துல இருக்கிற தண்ணியும் கசிஞ்சு போயிரும். உன் காலடியில பாரு, பொடிக்கல்லு. வெடிச்சுப் பறந்து சட்டுனு ஆறுனது. அத அள்ளு.”

“புரொபசர் பெரிய கல்லத்தானே கேட்டாரு?”

“அவரு கேப்பாரு லா. ரெண்டையும் கொண்டா. பாத்துருவோம்.”

கையை ஆட்டாதீங்க அக்கா என்று நர்ஸ் உன்னை அதட்டுவது கேட்டது. இரண்டையும் கொண்டுவந்தேன்.

துளியில் உள்ள நீரை அளக்க, படிகத்தை இரு பக்கமும் கண்ணாடி போலத் தேய்க்க வேண்டும். கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்தால் உள்ளே இருக்கும் துளி போய்விடும். கிருமித் தொற்றென்று உன்னை மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். நான் தேய்த்துக்கொண்டிருந்தபோது உன் தம்பி போன் செய்தான்.

“அக்கா, எங்க லாத்தா மௌத்தாயிட்டாங்க.”

“சரி” என்றேன். நீ இறந்த செய்திக்கு அது மட்டும்தான் வாயில் வந்தது. கையில் இருந்த படிகத்தைத் தேய்த்து முடித்தேன். டப்பாவில் வைத்து மூடினேன். கை கழுவிவிட்டுக் கிளம்பினேன்.

உங்கள் மாடியில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். உன்னைக் கீழே கொண்டுபோகும்போது, படி குறுகல், பார்த்து என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் அழுதார்கள். நான் அந்தப் படிக்கட்டின் அகலத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சென்ற மாதம் அளவுகள் வந்தன. பெரிய கற்களின் படிகங்களில் தண்ணீர் ஏறக்குறைய இல்லை. பொடிக்கல்லில் நிறைய இருந்தது. திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சந்தோஷம் வரவில்லை. துக்கமும் வரவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. உன் உம்மாவிடம் போனேன்.

“எம்மக அப்படி என்னத்தத்தாம்மா தேடுனா?” என்று கேட்டார்.

ஒரு கையின் அடியில் மறு கையைச் செருகிக் காட்டினேன். கடல்தரை இறங்குவதையும், நீர் பிழிபடுவதையும், பாறை உருகுவதையும், பொடிக்கல்லை அள்ளு என்று நீ சொன்னதையும் சொன்னேன். என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உள்ள போன தண்ணி திரும்பி வருமா?”

“கொஞ்சம் வரும் உம்மா, எரிமலைப் புகையோட. கொஞ்சம் இன்னும் ஆழத்துக்குப் போயிரும்.”

“ரொம்ப நாளாகுமோ?”

“லட்சக்கணக்கான வருஷம்.”

பிறகு, “அவ சொன்னது சரியா இருந்துச்சா?” என்றார்.

“அவ சொன்னதுதான் சரி உம்மா.”

தலையை ஆட்டினார். முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “சாப்ட்டுட்டுப் போம்மா” என்று எழுந்தார். சாப்பிட்டேன். என்ன குழம்பு என்று இப்போது நினைவில்லை.

அதிலிருந்து டிவியில் எங்காவது எரிமலை புகைந்தால் உம்மாவிடமிருந்து எனக்குப் போன் வருகிறது. முந்தாநாளும் வந்தது. ஜாவாவில் ஏதோ மலையாம். “இதுவும் அந்தத் தண்ணிதானா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். கடல் அங்கே எந்தப் பக்கத்திலிருந்து இறங்குகிறது என்று கேட்டார். தெற்கேயிருந்து என்றேன். நீ இருந்தவரை அவர் இதையெல்லாம் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறார். உன்னிடம் வந்திருக்க வேண்டிய கேள்விகள்.

உனக்காக அழ எனக்கு இன்னும் வரவில்லை. போன் அடித்தால் எடுக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.