சித்தார்த்தின் ஸ்பேனர் பெட்டி

அன்புள்ள பாண்டிமீனாவுக்கு,

புனேயில் நான் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? அம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா?

வாடிப்பட்டி சித்தார்த் விபத்தில் போய்ச் சேர்ந்து நாற்பது நாளாகிறது. இரண்டு வருடமாக ஒரே அறையில் தங்கி, ஒர்க்‌ஷாப்பில் அவனுடைய ராட்செட் ஸ்பேனர்களை வைத்துத்தான் நானும் வேலை பார்த்தேன். அவை அவன் வீட்டுக்குப் போவதுதான் முறை. அதனால் ஞாயிற்றுக்கிழமை எனக்கென்று முதல் செட் வாங்கக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் இரண்டு செட் எடுத்து வைத்தார். ஒன்றில், திருகும் திசையை மாற்றச் சின்ன லீவர் இருந்தது. மற்றதில் லீவர் இல்லை, கழற்றிப் புரட்டித்தான் மாட்ட வேண்டும். ஆனால் மெல்லியது, இடுக்கில் நுழையும். இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு, “மாப்ள, எதுடா எடுக்க?” என்று பக்கத்தில் திரும்பிக் கேட்டுவிட்டேன். தமிழ் தெரியாத கடைக்காரர் விழித்தார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சற்று நேரம் வெளியே நின்றுவிட்டு வந்து, லீவர் வைத்ததை வாங்கினேன்.

பருப்புப்பொடி கொஞ்சம் அனுப்பு. ஒருவனுக்கு மட்டும் குழம்பு வைக்கப் பிடிக்கவில்லை.

ஊருக்கு வரும் செல்லமுத்து அண்ணனிடம் இந்தக் கடிதத்தோடு சித்தார்த்தின் பெட்டியைக் கொடுத்து அனுப்புகிறேன். நீயே கொண்டுபோய் அவன் அம்மா கையில் கொடு. அதில் பத்தாம் நம்பர் ஸ்பேனர் இருக்காது. கேட்டால் தொலைந்துவிட்டது என்று சொல்.

தொலையவில்லை மீனா. நான்தான் எடுத்து வைத்துக்கொண்டேன். அண்ணன் கிளம்ப நிற்கிறார், முடிக்கிறேன்.

உன்
வீரணன்