இடுப்பில் ஒட்டிய உருவம்

செவ்வாய்க்கிழமை காலை

என் சின்னவளுக்கு,

நீ தோண்டியெடுத்த மண் உருவம், நம் உருண்டை, ஒரு பெண் இல்லை, இரண்டு பெண்கள். மருத்துவமனை ஸ்கேன் பிரிவின் அறிக்கை நேற்று மாலை அருங்காட்சியக இயக்குநர் கைக்கு வந்தது. அவர் அறையிலேயே உட்கார்ந்து நான் அதை இரண்டு முறை படித்தேன். மேல்பாதி மண்ணில் சிப்பித் தூள் கலந்திருக்கிறது. கீழ்ப்பாதியில் சிப்பியே இல்லை. பொடிமணலும், வைக்கோல் எரிந்துபோன இடத்தில் சின்னச் சின்ன வெற்றுத் துளைகளும்தான். ஒரே பிசைவில் வந்த மண் இல்லை அது. இரண்டுக்கும் நடுவே இருப்பது, அருங்காட்சியகத்தில் உடைந்ததையெல்லாம் ஒட்டித் தரும் நம் பசை மாமா பூசிய பிளாஸ்டர்.

முதலிலேயே சொல்லிவிட்டேன். எந்தப் புத்தகத்திலும் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிறவளிடம் சுற்றி வளைப்பதில் அர்த்தம் இல்லை. படுத்துக்கொண்டுதானே படிக்கிறாய்? எழுந்து உட்கார்ந்துவிட்டாய் என்றால் மறுபடியும் படு. இடது பக்கமாக.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனைக் காதில் வைத்தால் உனக்குக் கால் ஒரு இடத்தில் நிற்காது. அறையை அளக்க ஆரம்பித்துவிடுவாய். மாப்பிள்ளை உன் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டதில் எனக்கு முழுச் சம்மதம். இந்தக் கடிதத்தை அவருடைய அலுவலக வண்டியில் கொடுத்தனுப்புகிறேன். நாளை மதியத்துக்குள் கிடைத்துவிடும்.

அம்மாவுக்கு நான் எழுதுவதே பிடிக்கவில்லை. “இப்ப அவகிட்ட ஒண்ணும் சொல்லாதே. புள்ள பொறந்ததும் சொல்லிக்கலாம். பல்லாயிரம் வருஷம் மண்ணுக்குள்ள கெடந்தது, இன்னும் மூணு மாசம் பொறுக்காதா?” என்று காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். மாப்பிள்ளையும் அம்மா கட்சி. எனக்கும் ஒருவேளை அதுவே சரி என்று பட்டிருக்கும். ஆனால் வியாழக்கிழமைக் கூட்டத்துக்குக் காரில் வருவதாக நீ இயக்குநருக்குத் தகவல் அனுப்பியதை அவர் என்னிடம் காட்டினார். ஏழாம் மாதம். கழிப்பறைக்குப் போவதற்கு மட்டும் எழுந்திருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். பாதித் தூரத்துக்குத் தார் இல்லாத சாலை. உன்னிடம் மறைத்தால் நீ தேடுவாய், தேடினால் எழுந்திருப்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

ஸ்கேன் எடுத்த கதையைச் சொல்கிறேன். அருங்காட்சியகத்தில் அந்த இயந்திரம் இல்லை என்பது உனக்குத் தெரியும். நோயாளிகள் இல்லாத நேரமாகப் பார்த்து மருத்துவமனையில் இடம் கேட்டிருந்தார்கள். உருண்டையைப் பஞ்சு வைத்த பெட்டியில் படுக்க வைத்து, பச்சைக் குழந்தையைத் தூக்குவது மாதிரி பசை மாமா தூக்கி வந்தார். கணினியில் வயது போட்டால்தான் அடுத்த கட்டத்துக்குப் போகுமாம். எத்தனை சைபர் தட்டினாலும் அது ஏற்கவில்லை. கடைசியில் வயது ஒன்று என்று பதிந்தார்கள். பெண் என்று பதிந்ததும், ஸ்கேன் எடுக்கும் பெண் பழக்கதோஷத்தில் தலையை நிமிர்த்தாமலே, “கர்ப்பமா இருக்காங்களா?” என்று கேட்டுவிட்டாள். இயக்குநர் இருமினார். பசை மாமா மட்டும் முகத்தை மாற்றாமல், “அதப் பாக்கத்தானம்மா வந்திருக்கோம்” என்றார். அறை முழுக்கச் சிரித்தது. நானும்தான் சிரித்தேன். அப்போது அறிக்கை வரவில்லை.

அறிக்கை வந்த பிறகு பசை மாமாவைப் பட்டறையில் போய்ப் பார்த்தேன். மேசையில் ஒரு மண்பானையின் நாற்பது சில்லுகள் மணல் தட்டில் நின்றுகொண்டிருந்தன. அவர் வேலை செய்யும் முறை உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்: உடைந்த துண்டுகளைப் பசை இல்லாமல் மணலில் நிறுத்தி வைப்பார். ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் போகட்டும் என்பார். தினமும் போகும்போதும் வரும்போதும் பார்ப்பார். அதற்கு அப்புறமும் பொருந்தினால்தான் பசையை எடுப்பார். இயக்குநரே அவசரப்படுத்தினாலும் கேட்காத மனிதர். உருண்டையை மட்டும் வந்த வாரமே ஒட்டிவிட்டார்.

ஏன் என்று கேட்டேன். தூரிகையைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

“அந்தப் பொண்ணு அந்த வாரம் எப்படி இருந்துச்சுன்னு நீங்கதான் பாத்தீங்களேம்மா. ரெண்டாவது புள்ளையும் கையில தங்காம போயி, பத்து நாள்ல தோண்டுற குழியில வந்து எறங்கிருச்சு. யார் சொல்லியும் கேக்கல. இந்த ரெண்டு துண்டையும் கொண்டாந்து என் மேசையில வெச்சுட்டு, அங்கயே நின்னுச்சு. முழுசா ஒண்ணு அது கையில குடுக்கணும்னு தோணிருச்சு. கொஞ்சம் இடைவெளி இருந்துச்சு. பிளாஸ்டர் வெச்சு மூடிட்டேன்.”

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உனக்கும் வராது என்று நினைக்கிறேன். வந்தால் அதைக் குழந்தை பிறந்த பிறகு வைத்துக்கொள்.

அறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது. இதை எழுதலாமா வேண்டாமா என்று நேற்றிலிருந்து யோசித்தேன். கீழ்ப்பாதியின் முதுகுப் பக்கம், இடுப்பைச் சுற்றி ஒரு பள்ளம் ஓடுகிறது. மண் ஈரமாக இருந்தபோது நூலை வைத்து இழுத்த மாதிரி. சுடுவதற்கு முன்பே போட்ட கோடு. விரிசல் அங்கிருந்துதான் கிளம்பியிருக்கிறது. முழு உருவமாகப் புதைத்தார்கள், பிறகு மண்ணின் பாரத்தில் உடைந்தது என்று நீ உன் கட்டுரையில் எழுதியிருந்தாய். ஸ்கேன் மருத்துவர் அப்படிச் சொல்லவில்லை. உடைப்பதற்கென்றே செய்தது போலத் தெரிகிறது என்கிறார். போலத் தெரிகிறது என்ற சொல் அவருடையது.

ஏன் உடைத்தார்கள்? இயக்குநரைக் கேட்டேன். பிரசவம் நல்லபடியாக முடிந்தால் உடைத்துப் புதைத்திருக்கலாம், வேலை முடிந்தது என்ற நன்றி அது என்றார். கூட்டத்துக்கு வந்திருக்கும் வெளியூர்ப் பேராசிரியரைக் கேட்டேன். முடியாமல் போனால் உடைத்திருக்கலாம் என்றார். இரண்டு பேரிடமும் ஆதாரம் கேட்டேன். இரண்டு பேரிடமும் இல்லை. பசை மாமாவைக் கேட்டால், “வெளையாடுற பொம்மையாக்கூட இருந்திருக்கும், எங்க வீட்டுல எந்தப் பொம்மைக்கு இடுப்பு நின்னுச்சு?” என்கிறார். அவரிடமும் ஆதாரம் இல்லை, பேரப்பிள்ளைகளைத் தவிர.

நீயே மாணவர்களிடம் சொல்வாய்: இந்த மாதிரி உருவங்களைப் பார்த்துச் சாமி என்று சொன்னவர்கள் உண்டு, விளைச்சலுக்கான பொருள் என்று சொன்னவர்கள் உண்டு, பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுக்கும் பாடப்பொருள், குனிந்து தன் உடம்பைத் தானே பார்த்தபடி ஒருத்தி செய்தது என்று சொன்னவர்களும் உண்டு. முகம் இல்லாததால் பார்க்கிறவர்கள் தங்கள் முகத்தை வைத்துவிடுகிறார்கள் என்று. வகுப்பில் அழகாகச் சொல்வாய். ஆனால் உன் கட்டிலுக்கு எதிரே உருண்டையின் படத்தை ஒட்டி வைத்திருக்கிறாய். ‘அது முழுசா இருக்கு பாருக்கா’ என்று போன மாதம் சொன்னாய். நான் அப்போது பேச்சை மாற்றிவிட்டேன். இப்போது சொல்கிறேன்: அது உடைந்ததற்கும் உனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அது முழுசாக இருந்தபோதும் சம்பந்தம் இருக்கவில்லை.

என் பத்திரிகையில் இந்தச் செய்தியை நான் எழுதப்போவதில்லை. தங்கை விஷயம், வேறு ஆளைப் போடுங்கள் என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன். “முப்பது வருஷத்துல முதல் தடவையா ஒரு செய்திய விட்டுக் குடுக்கறீங்க, எழுதி ஃபிரேம் போடணும்” என்று கிண்டல் செய்தார்.

இனி உன்னிடம் கேட்க வேண்டியது. ஒட்டைப் பிரித்துப் பார்க்கலாமா என்பதுதான் வியாழக்கிழமைக் கூட்டத்தில் பேச்சு. மருந்தில் நனைத்த பஞ்சு வைத்தால் பிரிந்துவரும் பசைதான், வேறு பசையை அவர் தொடவே மாட்டார். ஆனால், “தோண்டி எடுத்த பொண்ணு சொல்லாம நான் பஞ்ச நனைக்க மாட்டேன்” என்று பிடிவாதமாக இருக்கிறார். இயக்குநரும் ஒத்துக்கொண்டுவிட்டார். சரி என்றோ வேண்டாம் என்றோ மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். உன் இடத்தில் உட்கார்ந்து உன் கட்டுரையில் உள்ள வாதத்தை நான் படிக்கிறேன், ஒரு எழுத்து விடாமல். நீ வராதே.

உன் அக்கா


வெள்ளிக்கிழமை காலை, உன் வார்டு வாசல்

சின்னவளே,

உன் குழந்தையின் இதயத் துடிப்பு சரியாக இருக்கிறது. இதை இரவுப் பணி முடித்துவிட்டுப் போன நர்ஸ் என்னிடம் நேரில் சொன்னார். அசைவு குறைந்திருப்பதுதான் கவலை, அதற்காகத்தான் இன்று ரத்த ஓட்டத்தைப் பார்க்கிறார்கள் என்றும் சொன்னார். அவர் சொன்னதில் எதையும் நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

நான் எப்படி இங்கே என்று கேட்பாய். நேற்று கூட்டம் முடிந்து படி இறங்கும்போது மாப்பிள்ளை கூப்பிட்டார், உன்னை உள்ளே சேர்த்துவிட்டதாக. அப்படியே பஸ் ஏறிவிட்டேன். மருத்துவர் பார்த்துவிட்டுப் போகும்வரை யாரையும் உள்ளே விடமாட்டார்களாம். மாப்பிள்ளை மருந்துக்கடை வரிசையில் நிற்கிறார். சவரம் செய்யாத முகம், இரண்டு கால்களிலும் வேறு வேறு செருப்பு. நான் அதைச் சொல்லவில்லை. காவலாளி என்னைப் பார்த்து, “எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் பெஞ்சுதாம்மா” என்றார். பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். இதை நர்ஸிடம் கொடுத்தனுப்புகிறேன்.

புதன்கிழமை நீ மாப்பிள்ளையிடம் சொல்லி அனுப்பியது வந்தது: “பிரிக்கச் சொல்லுங்க. அக்கா பக்கத்துல நிக்கணும்.” நின்றேன்.

கூட்டத்தில் உன் வாதத்தை முழுக்கப் படித்தேன். யாரும் குறுக்கிடவில்லை. பிறகு எல்லோரும் பட்டறைக்குப் போனோம். பசை மாமா அசிட்டோனில் நனைத்த பஞ்சை இடுப்பைச் சுற்றிக் கட்டி, மேலே பிளாஸ்டிக் உறையைப் போர்த்தினார். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாசனை. பேராசிரியர் மூன்று தடவை கடிகாரத்தைப் பார்த்தார். பசை மாமா ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பின் உறையை எடுத்தபோது மேல்பாதி தானாகவே லேசாகச் சாய்ந்தது. அவர் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார். எந்தச் சத்தமும் இல்லை.

கீழ்ப்பாதி நீ எழுதியபடியேதான். நிறைமாத வயிறு. அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

மேல்பாதிதான் வேறு மாதிரி. பிளாஸ்டரைச் சுரண்டி எடுத்ததும் பார்த்தால், அவளுக்கு வயிறு தொடங்கும் இடம் தட்டையாக இருக்கிறது. அவள் கர்ப்பமாக இல்லை. கைகள் தன் வயிற்றின் மேல் இருப்பதாகத்தானே எல்லோரும் நினைத்தோம்? அவற்றை வயிற்றோடு சேர்த்தது பிளாஸ்டர். உண்மையில் கைகள் உடம்பைத் தொடவே இல்லை. இரண்டும் முன்னால் நீண்டு, உள்ளங்கைகள் குழிந்து, மேல்நோக்கித் திறந்திருக்கின்றன. இயக்குநர் வழிபாடு என்றார். பேராசிரியர் இரண்டு கைகளிலும் ஏதோ கிண்ணம் இருந்து உடைந்திருக்கலாம் என்றார். பசை மாமா அவளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, கீழ்ப்பாதிக்கு முன்னால் மணலில் நிறுத்தினார், எதிரெதிராக. “பிரசவத்துக்குப் பக்கத்துல உக்காந்தவ மாதிரி இருக்கு. பொறக்குற புள்ளைய ஏந்திக்க” என்று மட்டும் சொன்னார். குழியில் நீ எடுத்த படத்தில் இரண்டு துண்டுகளும் ஒரு சாண் இடைவெளியில்தான் கிடந்தன. அது மட்டும்தான் நமக்குத் தெரிந்தது. மற்றதெல்லாம் அவர் சொன்னது. ஆனாலும் அப்படி நிறுத்திய பிறகு யாருக்கும் அதை மாற்றி வைக்க மனம் வரவில்லை.

கண்ணாடிப் பெட்டியில் இருந்த ‘தாய்’ என்ற பலகையை எடுத்துவிட்டார்கள். இப்போதைக்கு அங்கே பலகை இல்லை. புதிய வாசகத்தை நீதான் எழுத வேண்டும் என்று தீர்மானம் போட்டிருக்கிறார்கள். அவசரம் இல்லை. இரண்டு பேருடைய மற்றப் பாதிகளும் அதே குழியில் இருக்கலாம். மழை முடிந்த பிறகு, தையில் தோண்டுவார்கள். நீ இல்லாமல் தொட மாட்டார்கள்.

உன்னைத் தைரியமாக இரு என்று சொல்ல நான் வரவில்லை. பயமாக இருந்தால் பயப்படு. நேற்று பஸ்ஸில் நானும் பயந்துகொண்டுதான் வந்தேன். இரண்டு முறையும் நான் செய்தி முடித்துவிட்டுப் பிறகுதான் உன்னிடம் வந்து சேர்ந்தேன். இந்த முறை முடிப்பதற்கு எதுவும் இல்லை.

இனிமேல் தெரிய வேண்டியது ஒன்றுதான். பத்து மணிக்கு ஸ்கேன். முடிவை நண்பகலுக்குள் சொல்வதாக மருத்துவர் மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறார். குழந்தையை இப்போதே எடுப்பதா, இன்னும் சில வாரம் உள்ளே விடுவதா என்பது அதைப் பார்த்துத்தான். எதுவானாலும் கதவு திறந்ததும் முதலில் என்னைத்தான் பார்ப்பாய்.

நல்லபடியாக வாருங்கள், இரண்டு பேரும்.

அக்கா