மேசைக்கு எடுத்துவைத்த கறி

கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் கறி வாசனை போகவில்லை. மசாலாவும் ஆட்டுக் கொழுப்பும் கலந்த உங்கள் சர்ச் அசனத்தின் வாசனை. சிட்லபாக்கத்தில் என் வீட்டுப் படியில் உட்கார்ந்து உள்ளங்கையை முகர்ந்துகொண்டிருக்கிறேன். மனைவி ஒரு மாதிரி பார்க்கிறாள். பார்க்கட்டும். இன்றைக்கு நான் செய்ததை முதலில் உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

சாமியே இல்லை என்கிற கட்சிக்காரனான என்னை நீதானே அசன வேலைக்கு இழுத்தாய்? "நீ ஜெபம் பண்ண வேணாம்டா, வாளி தூக்கு போதும்" என்றாய். வீட்டுக்கு வீடு அரிசி கொண்டுவந்து கொட்டி, ஒரே இடத்தில் பொங்கி, எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் அசனம் என்று நீ விளக்கியபோது, இது எங்கள் கொள்கை ஆயிற்றே என்று கிண்டல் செய்தேன். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் பீச் வரும்வரை நமக்கு அதே சண்டைதான்.

"உங்க கட்சி பிடுங்கிக் கொடுக்கச் சொல்லுது. எங்க ஆண்டவர் நீயா கொடுன்னு சொல்றார்" என்பாய்.

"தானா கொடுக்கிற பணக்காரன் ஒருத்தனைக் காட்டு, நாளைக்கே ஞானஸ்நானம் எடுத்துக்கறேன்" என்பேன். நீ சிரித்துக்கொண்டே கடலைப் பொட்டலத்தை நீட்டுவாய்.

அடுக்குமாடி கட்டி விற்கிறவர் சபைச் செயலராக வந்த பிறகு அந்த வரிசை கெட்டது. பந்தலின் தலைமாட்டில் அவருக்கும் பெரிய மனிதர்களுக்கும் துணி விரித்த மேசை ஒன்று முளைத்தது. மேசைக்கென்று எலும்பில்லாத துண்டுகளைத் தனி வாளியில் எடுத்துவைத்தார்கள். எச்சில் இலை எடுக்க வந்த துப்புரவுப் பெண்கள் மட்டும் வெளியே தெருவில் நின்று, மிஞ்சியதைப் பொட்டலமாக வாங்கிப் போனார்கள். கமிட்டியில் நீ எழுந்து கேட்டாய்: அவர்களும் முதல் பந்தியில் உட்கார வேண்டும், ஆதித் திருச்சபையில் எல்லாம் பொதுவாகத்தானே இருந்தது என்று.

"கம்யூனிசம் பேச இது ஒண்ணும் கட்சி ஆபீஸ் இல்ல பிரதர்" என்றார் செயலர். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்களாம். அடுத்த கமிட்டியில் உன் பெயர் இல்லை.

நீ கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாய். "மன்னிச்சுட்டேன்டா" என்று என்னிடம் சொன்னாய். ஆனால் ரயிலில் சண்டை போடுவதை நிறுத்திவிட்டாய். அந்த ஆளை வெறுக்க எனக்கு அது ஒன்றே போதும். உன் சவப்பெட்டிக்கு முன்னால் நின்று, "ஏழைகளுக்காகவே வாழ்ந்த சகோதரர்" என்று அதே வாய் உருகியபோது பல்லைக் கடித்துக்கொண்டேன். மைக்கைப் பிடுங்கியிருப்பேன். உன் மனைவி என் முகத்தைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தார்.

நீ இல்லாத முதல் அசனம் இன்று. வழக்கம்போல வாளி தூக்கப் போனேன். யாரோ மேசை வாளியை என் கையில் கொடுத்துவிட்டார்கள். பந்தலைத் தாண்டி நேரே தெருவுக்கு நடந்தேன். மதில் நிழலில் இலை போட்டு, பந்தலிலிருந்து சோறும் எடுத்துவந்து வைத்து, அந்தப் பெண்களை உட்காரச் சொன்னேன்.

அவர்களில் ஒருவரான மல்லிகா அக்கா தயங்கினார். "இன்னாப்பா இது, அந்த சாரு கத்துவாரே?"

"கத்தட்டும்க்கா. நீங்க சாப்பிடுங்க."

வாளியின் அடி தெரியும்வரை அள்ளி அள்ளிப் போட்டேன். பிறகு உள்ளே போய், வெறும் சோற்றோடு காத்திருந்த செயலரிடம் வாளியைச் சாய்த்துக் காட்டினேன். "பொதுவுல வச்சோம் சார். தீந்துடுச்சு."

அந்த முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். நீ இருந்திருந்தால் சமையல் பக்கம் ஓடி, அவருக்கும் ஒரு கரண்டி கொண்டுவந்திருப்பாய் என்று தெரியும். நான் கொண்டுவரவில்லை. அவர் ரசம் ஊற்றிச் சாப்பிடுவதை நின்று பார்த்தேன். என் வயிறு குளிர்ந்தது.

இனி என்னை உள்ளே விட மாட்டார்கள். விட வேண்டாம். அடுத்த அசனத்தன்று என் காசில் கறி எடுத்து, என் வீட்டு அடுப்பில் சமைத்து, அதே தெருவில் பந்தி போடுவேன். "நீயா கொடுன்னு நான் சொன்னது இதைத்தானேடா" என்று அங்கிருந்து சிரிக்காதே. எனக்கும் புரிகிறது. ஆனால் அந்த மேசையிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்துத்தான் இலை போடுவேன். மன்னிப்பை நீயே வைத்துக்கொள். வாளியை நான் வீட்டுக்கே தூக்கி வந்துவிட்டேன்.