என் தம்பி குடிகாரன் இல்லை

3-6-1983, வெள்ளி
கோமதியம்மனுக்கு மாவிளக்கு போட்டுவிட்டு வந்தேன். தம்பி ஆவுடையப்பனுக்கு வயிறு இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. நேற்று டாக்டர் அமுக்கிப் பார்த்து, ஈரலில் கட்டி, புற்றுநோயாகத்தான் இருக்கும், மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்றார். விசாரிக்க வந்த அத்தனை பேரும் கேட்டது ஒரே கேள்வி — குடிப்பாரோ? நாற்பத்தாறு வயசு வரை கள்ளை மோந்துகூடப் பார்க்காத பிள்ளை. பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது.

9-6-1983
ராமசுப்பு தாம்பூலத் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டான். தம்பி மகள் கோமதித்தாயை அவன் மகனுக்குப் பேசி முடித்திருந்தோம்; ஆவணியில் கல்யாணம். தன் நூல் கடையில் உட்கார்ந்துகொண்டு, “ஈரல் அழுகுதுன்னா மறைவாக் குடிச்சிருக்கான். குடிகாரன் வீட்டுல எவன் பொண்ணு எடுப்பான்?” என்று ஊருக்கே கேட்கச் சொன்னானாம். கோமதித்தாய் காலையிலிருந்து பச்சைத் தண்ணி குடிக்கலை. தம்பி பெண்டாட்டி பேச்சித்தாய் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள்.
நான் சும்மா விடுவேனா? ஏலே ராமசுப்பு, உன்னை ஊர் முன்னாடி தலைகுனிய வைக்காம நான் சாக மாட்டேன்.

10-6-1983
அம்மன் சன்னதியில் அதைத்தான் கேட்டேன். தம்பி உசிரை ரெண்டாவதாகத்தான் கேட்டேன். பாவம்தான். கேட்டுவிட்டேன்.

21-6-1983, மதுரை
டாக்டர் சின்ன வயசு, மரியாதையானவர். குடி உண்டா, முன்னே மஞ்சக்காமாலை வந்ததா, சர்க்கரை உண்டா என்றார். எதுவும் இல்லை. காமாலைக் கிருமி இல்லையென்று ரத்தத்திலும் பார்த்துவிட்டார்கள். “ஐயா, இதைத் தமிழ்ல ஒரு தாள்ல எழுதிக் குடுங்க” என்றேன். ராமசுப்பு மூஞ்சியில் எறிய வேண்டுமே.
எழுதிக்கொண்டே, என்ன சாப்பிடுவார் என்று கேட்டார். நான் வாயை வச்சுக்கிட்டு இருப்பேனா? எங்கள் காட்டில் விளையும் நிலக்கடலையில் நல்லதெல்லாம் விதைக்கும் விலைக்கும், நனைந்து பூஞ்சை பூத்தது வீட்டுக்கு. சாமி கொடுத்ததை வீசலாமா? தம்பி வீட்டு அடுப்படி என் கையில்தான்; கழுவிக் காயவைத்து, வறுத்து, தினம் துவையல் அரைப்பேன். எனக்குப் பித்தம், பேச்சித்தாய்க்குப் பிடிக்காது, தம்பி ஒருத்தன்தான் ஆசையாகத் தின்பான், இருபது வருஷமாக — பெருமையாகத்தான் சொன்னேன்.
பேனாவை நிறுத்தினார். “அந்தப் பூஞ்சையில விஷம் இருக்கும்மா. கழுவினாலும் வறுத்தாலும் போகாது. வருஷக்கணக்காத் தின்னா ஈரலைப் பிடிக்கும். இதுதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. இருக்கலாம்.”
அதையும் தாளில் எழுதிவிட்டார்.

23-6-1983
பொறுக்கிப் பொறுக்கி எடுத்து வச்சது — என் கைதானா?

28-6-1983
டாக்டர் தாளில் கீழே உள்ள மூன்று வரியைக் கிழித்துவிட்டால்? பேச்சித்தாய்க்குப் படிக்கத் தெரியாது. ஆனால் ராமசுப்பு கேட்பானே, குடிக்கலைன்னா பின்னே எதனால வந்துச்சுன்னு. பதில் இல்லாவிட்டால் தம்பி குடிகாரனாகத்தான் போவான்.
கிழிக்கப் போவதில்லை. என் மானம் போனாலும் உன்னை விட மாட்டேன்லே ராமசுப்பு.

1-7-1983
நூல் கடையில் நிறைய ஆள். பள்ளிக்கூடத்து வாத்தியார் கோமதிநாயகம் அண்ணாச்சியும் நின்றார். அவர் கையில் தாளைக் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னேன். கடைசி வரி வரை படித்தார். ராமசுப்பு சிரித்தான்.
“அப்போ தம்பி ஈரலை அரிச்சது நீங்கதானா யக்கா?”
“ஆமாலே. நான்தான் குடுத்தேன். எவன் கேட்டாலும் அதைச் சொல்லு. குடிச்சான்னு இன்னொரு வாட்டி சொன்னே, உன் கடை வாசல்லயே படுத்துக்கிடுவேன்.”
கூட ஒருத்தரும் சிரிக்கவில்லை. ராமசுப்பு நூல் கட்டை அடுக்குகிறவன்போல் குனிந்தான். நான் இறங்கும் வரை நிமிரவில்லை. அதைப் பார்க்கத்தானே வேண்டினேன். வீட்டுக்கு வருவதற்குள் சேதி பேச்சித்தாய் காதுக்கு வந்திருந்தது.

30-7-1983
விடியற்காலம் தம்பி போய்விட்டான்.

6-9-1983
ராமசுப்பு வந்தான். குடிக்காத மனுசனைத் தப்பாகப் பேசிவிட்டானாம். வருஷம் கழிந்ததும் கல்யாணத்தை வைக்கலாமா என்றான். கோமதித்தாய் கதவோரம் நின்று, “குடிகாரன் வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டேன்னீங்களே மாமா. எடுக்க வேண்டாம்” என்றாள். வந்த வழியே இறங்கிப் போனான். நான் நினைத்ததற்கு மேலேயே நடந்துவிட்டது.
அப்புறம் பேச்சித்தாய் சாப்பிடக் கூப்பிட்டாள். எனக்குத்தான் முதலில் பரிமாறினாள். சாப்பிட்டு முடித்து, இரவுக்கு ஏதாவது அரைத்துத் தரட்டுமா என்று எழுந்தேன்.
“நீங்க இருங்க மைனி. அடுப்படியை நான் பாத்துக்கிடுதேன்” என்றாள்.