எங்கள் லைன் சர்க்கரைக்காரர்கள்

மாரிகுப்பம்,
9 ஜூன் 2024

அன்பு நண்பன் பர்னபாஸுக்கு,

சுரங்க வெடியில் கெட்ட உன் காதோடு போனில் மல்லுக்கட்ட முடியாமல்தான் எழுதுகிறேன். உன் மகன் லாய்ட் வீட்டில் பெங்களூரு வாழ்க்கை எப்படி?

இங்கே புதுக் கூத்து. சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களை அவரவர் தெருவே பார்த்துக்கொள்ள ஏற்பாடு. ஒரு நர்ஸம்மா வந்து பெண்களுக்குப் பழக்கிவிட்டார். நம் லைன் வீடுகளுக்கு என் வீட்டுக்காரி பார்வதம்மா. வீடு வீடாகப் போய் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிறாள். கல்யாண வீட்டில் நான் ஜிலேபியைக் கையில் எடுத்தேன். பந்தியே திரும்பிப் பார்த்தது. வைத்துவிட்டேன்.

நீ மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா?

உன்,
சம்பங்கி

பெங்களூரு,
2 ஜூலை

அன்புள்ள சம்பங்கி,

ஜிலேபிக் கதையைப் படித்துத் தனியாகச் சிரித்தேன். இங்கே நான் எதைத் தின்றாலும் பார்க்க ஆளில்லை. விடிந்தால் லாய்டும் மருமகளும் ஆபீஸ் போய்விடுகிறார்கள். போன வாரம் மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிட மறந்தேன். சர்க்கரை இறங்கி, குளியலறையில் விழுந்துவிட்டேன். சாயங்காலம் லாய்ட் வந்துதான் தூக்கினான். இப்போது சுகம். பையன்தான் பயந்துபோய் என்னை முதியோர் இல்லத்தில் சேர்க்க விசாரிக்கிறான்.

பார்வதம்மாவிடம் சொல்லாதே.

பர்னபாஸ்

மாரிகுப்பம்,
10 ஜூலை

பர்னபாஸ்,

அவளே கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். பிறகு, "அண்ணன இங்க வரச் சொல்லுங்க. இத்தினி பேரப் பாக்கறேன், அவரு ஒருத்தரு எனக்கு பாரமா?" என்றாள்.

உன் வீட்டுச் சாவி என்னிடம்தானே இருக்கிறது. நேற்றே லைன் பெண்கள் திறந்து கழுவிவிட்டார்கள். காலையில் எங்களோடு நடக்கலாம். சாப்பாடு எந்த வீட்டிலும் கிடைக்கும். வாடா.

சம்பங்கி

பெங்களூரு,
19 ஜூலை

அன்பு சம்பங்கிக்கும் தங்கை பார்வதம்மாவுக்கும்,

கடிதத்தை லாய்டிடம் கொடுத்தேன். கோபப்படுவான் என்று நினைத்தேன். "பெத்த அப்பனப் பாத்துக்கலன்னு ஊர்ல இன்னா சொல்வாங்கப்பா?" என்றான். கண் கலங்கியிருந்தது.

"நீ நல்லாத்தான்டா பாத்துக்கற. நீ ஆபீஸ் போனப்புறம் என்னத் திட்ட ஆள் வேணும், அதுக்குத்தான் போறேன்" என்றேன். சிரித்துவிட்டான். ஞாயிறுதோறும் வருவானாம். என்னோடு சர்ச்சுக்கும் வருவானாம். அதை மட்டும் நான் நம்பவில்லை.

பதில் எழுதாதே, அதை வாங்க நான் இங்கே இருக்க மாட்டேன். 27ஆம் தேதி சனிக்கிழமை வண்டியில் வருகிறேன். பெட்டி கனம், நீ ஸ்டேஷனுக்கு வந்துவிடு. வழியில் பங்காருபேட்டையில் வடை தின்ன மாட்டேன் என்று மட்டும் என்னால் சத்தியம் செய்ய முடியாது.

கர்த்தர் கிருபையில்,
பர்னபாஸ்